எடைக்கல்லை நிறுத்த ஒளி

கண்ணுக்குப் புலப்படாத அணுவை நிறுப்பது எவ்வாறு என்று என் ஆசிரியப் பணிக்காலத்தில் பலர் வினவியதுண்டு. அதற்கு விடை கூறும் வரலாறு சுவையானது.

பிராணவாயுவின் அணு எடையை 16 எனக் கொண்டு, அதனையே எடைக்கல்லாக வைத்துப் பிற தனிமங்களின் எடையை விஞ்ஞானிகள் கணித்துவந்தனர். ஒரே தனிமத்தில் எடை வேறுபட்ட அணுக்கள் இருத்தல் கூடும் என 1913-இல் சாடி விளக்கி, அவற்றிற்கு ஐசோடோப்புகள் எனப் பெயரிட்டார். 1919-இல் கேம்பிரிட்ஜில் ஆஸ்டன் அமைத்த கருவி, அவற்றை எடைவாரியாகப் பிரித்துக் காட்டியது. நியானும் குளோரினும் கலப்பே எனக் கண்ட அக்கருவிக்கும் பிராணவாயு ஒரே இனமாகவே தோன்றிற்று.

உண்மையை வெளிப்படுத்தியது ஒளி. கதிரவனின் ஒளி நம் வளிமண்டலத்தைக் கடக்கையில், அதன் நிறமாலையில் கருங்கோடுகள் சில தோன்றுகின்றன. அவற்றுள் விளக்கமின்றிக் கிடந்த மங்கலான கோடுகள், 18 எடையுள்ள பிராணவாயுவின் அடையாளமே என 1929-இல் கலிபோர்னியாவில் ஜியோக்கும் ஜான்ஸ்டனும் நிறுவினர். கனத்த அணுவைக் கொண்ட மூலக்கூறு சற்று மெதுவாக அதிரும்; ஆதலின் அது கவரும் ஒளியின் அலைநீளமும் மாறும். ஆயிரம் அணுக்களில் ஏறத்தாழ இரண்டே இவ்வினத்தவை. எனினும் எடைக்கல்லே கலப்பாயிற்று! இறுதியில், 1961-இல் கார்பன்-12 புதிய எடைக்கல்லாயிற்று.

ஆயினும் விகிதத்தை நுட்பமாக அளக்க அந்நாளைய ஒளி போதவில்லை. ஆஸ்டன் வழிவந்த கருவிகளே பல்லாண்டு ஆட்சி செலுத்தின. 1960-இல் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். 1988-இல் ஓகீஃபும் டீக்கனும், இரு ஆடிகளுக்கிடையே லேசர் ஒளியைச் சிறைப்படுத்தி, அது மங்கும் வேகத்தால் வாயு கவர்ந்த ஒளியை அளந்தனர். இம்முறையில் சிறு கூட்டுக்குள்ளேயே ஒளி பல கிலோமீட்டர் பயணம் செய்கிறது. நீராவியை வேறு வாயுவாக மாற்றாமலே இன்று விகிதம் காணலாம்.

இதனால் விளைந்த பயன் யாது? மேகம் குளிரும்போது கனத்த நீர் முதலில் பொழிந்துவிடுகிறது. எனவே கடுங்குளிரில் விழும் பனியில் அது குறைவு. இக்குறைவை அளந்தே, பனிப்பாளங்களில் உறைந்துள்ள பண்டைத் தட்பவெப்பத்தை அறிகின்றனர். லேசர்க் கருவிகள் கிரீன்லாந்தின் பனிப்பரப்புக்கே சென்று, ஆங்குள்ள காற்றின் ஈரத்தையும் அளக்கின்றன.

நிலைபெற்ற அளவுகோலையும் ஐயுற்று, மங்கிய கோட்டையும் புறக்கணியாது நோக்கிய கண்களே இவ்வறிவுக்கு வழிதிறந்தன. நாளை அவ்வாறு நோக்கும் கண்கள் உங்களுடையவை ஆகுக!