அரசு விளம்பரமும் ஆளுங்கட்சியும்

காதர்பேட்டையில் தேர்தல் வந்துவிட்டால் பனியனிலே கட்சிச் சின்னம் ஏறிவிடும். செலவு கட்சியினுடையது, கூலி நம்மவர்க்கு. அதனை நாம் குறைகூறோம். பொதுப்பணத்தில் வெளிவரும் அரசு விளம்பரத்தில் கட்சி ஏறுவதே கேள்விக்குரியது.

1979-இல் தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் ஆளுங்கட்சிக்கெனத் தனிப்பகுதி சேர்த்தது. அது தேர்தல் காலத்துக்கு மட்டுமே வேலி. ஏனைய நாட்களுக்கு வேலியிட்டது, 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த வழக்கில் 13-5-2015 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பாகும். அரசு விளம்பரம் ஆளுங்கட்சியை உயர்த்தவோ எதிர்க்கட்சியைத் தாழ்த்தவோ கூடாது. கட்சிச் சின்னமும் கொடியும் ஆகா. பதவியிலிருப்போருள் குடியரசுத் தலைவர், பிரதமர், இந்தியத் தலைமை நீதிபதி ஆகியோர் படங்களே இடம்பெறலாம் என்றது. படம் பற்றிய கட்டு பத்து மாதமே நின்றது! மைய அரசும் மாநில அரசுகள் பலவும் மறுஆய்வு வேண்ட, 18-3-2016 அன்று ஆளுநர், முதலமைச்சர், அமைச்சர் படங்களும் அனுமதிக்கப்பெற்றன.

இதில் நமக்கென்ன என்று நம் இளைஞர் கேட்கலாம். பட்டியல் சாதி மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944-இல் தொடங்கிற்று. அக்காலத்தில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்து நம் மக்களின் கல்விக்காக வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். எனினும் அத்திட்டம் அவர் பெயரைத் தாங்கவில்லை. அரசியலில் தனிமனித வழிபாடு சர்வாதிகாரத்துக்கே இட்டுச் செல்லும் என்று 25-11-1949 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவரும் அவரே. பெறுவது உரிமை என்றறிந்த மாணவன் அலுவலகத்தில் நிமிர்ந்து நின்று கேட்பான். தலைவர் ஒருவரின் கொடை என்று நம்பவைக்கப்பட்டவன் கைகட்டி நிற்பான். கைகட்டி நின்ற தலைமுறையை நாம் நம் வீடுகளிலேயே கண்டிருக்கிறோம்.

நம் சங்கப் பலகையில் அரசு அறிவிப்பை ஒட்டும்போதெல்லாம், வருமான வரம்பையும் கடைசி நாளையும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வருகிறோம்.