தெமியார் கனவும் ஆராய்ச்சியின் உரைகல்லும்

பேராக்கின் கிழக்கெல்லையில், கிளந்தானைத் தொட்டு நிற்கும் மலைகளில் வாழும் தொல்குடியினர் தெமியார். சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழர்க்கு அம்மலைகள் கண்ணுக்கெட்டிய தொலைவே. உளநூல் ஆராய்ச்சிக்கு ஒரு பெரும்பாடம் அங்கிருந்துதான் கிடைத்தது.

1934-இல் கில்ட்டன் ஸ்டூவர்ட் என்னும் அமெரிக்கர் அம்மலைகளுக்கு வந்தார். தைப்பிங் அரும்பொருட்சாலையைச் சார்ந்த மானிடவியலார் பாட் நூன் அவருக்குத் துணையாயினார். ஸ்டூவர்ட் தெமியார் மொழி அறியாதவர். தங்கியதும் குறுகிய காலமே. எனினும் 1951-இல் வெளியிட்ட கட்டுரையில், செனோய் மக்கள் நாள்தோறும் காலையுணவு வேளையில் பிள்ளைகளின் கனவுகளைக் கேட்டு, அச்சந்தரும் கனவை எதிர்த்து வெல்லப் பயிற்றுகின்றனர் என்றும், அதனால் அவர்களிடையே நெடுங்காலமாகக் கொடுங்குற்றமே நிகழவில்லை என்றும் எழுதினார். 1969-இல் அது ஒரு தொகை நூலில் மறுபதிப்பாயிற்று. அமெரிக்காவில் பலர் அம்முறையைப் பின்பற்றலாயினர்.

ஒருவர் கண்டதை மற்றொருவரும் சென்று காண இயலுமா என்பதே ஆராய்ச்சியின் உரைகல். 1960-களில் இராபர்ட் டென்டன் செமாய் மக்களோடும், ஜெஃப்ரி பெஞ்சமின் தெமியாரோடும் தங்கி, அவரவர் மொழியைக் கற்று ஆராய்ந்தனர். கனவை அம்மக்கள் போற்றுவது மெய். கனவில் துணையாவி பாட்டளிக்கும் என்பது தெமியார் நம்பிக்கை. ஆனால் ஸ்டூவர்ட் கூறிய காலைப் பயிற்சி காணப்படவில்லை.

போரும் அவசரகாலமும் இடையே வந்தனவே, வழக்கம் அழிந்திருக்கலாகாதா என வினவலாம். நியாயமான ஐயமே. 1985-இல் வில்லியம் டோம்ஹாஃப் வெளியிட்ட நூல் இதற்கு விடை தந்தது. ஸ்டூவர்ட் 1948-இல் இலண்டனில் அளித்த ஆய்வேட்டையே அவர் எடுத்து, பிற்கட்டுரையோடு ஒப்பிட்டார். கட்டுரையின் பெருங்கூற்றுகளுக்கு ஏட்டில் போதிய சான்றில்லை. ஸ்டூவர்ட் வேண்டுமென்றே பொய்யுரைத்தார் என்று கொள்ள வேண்டுவதில்லை. தம் விருப்பத்தையே பிறர் வாழ்வில் கண்டார் எனலாம்.

இதனால் இழப்புற்றவர் தெமியாரே. அவர்தம் உண்மையான கனவு மரபு மறைந்து, பிறர் புனைந்த மரபு அவர் பெயரால் உலகெங்கும் உலவிற்று.

பழைய தோட்டத்து முதியோரிடம் நினைவுகளைத் திரட்டும் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இப்பாடம் உரியது. விடையை உள்ளடக்கிய வினாவைக் கேட்டலாகாது. சொன்னதைச் சொன்னபடியே எழுதுக; கேட்டவர் கருத்தைத் தனியே குறிக்க. ஒரே செய்தியை இருவர் தனித்தனியே கேட்டு ஒப்பிடுக. சில நாள் கழித்து மீண்டும் கேட்க. முதற்குறிப்பைப் பிறர் பார்க்குமாறு காத்து வைக்க. அப்போதுதான், எழுதப்படும் வரலாறு முதியோருடையதாகும், எழுதுவோருடைய கனவாகாது.