போடி மலைப் பாதைகள்: யார் போட்டவை, யாருக்காக?

போன மாதம் முழுக்க நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு. அரையாண்டு விடுமுறைக்கு மலைக்குப் போக வேண்டும். வழக்கமான ஊட்டி, கொடைக்கானல் பஸ் டூர் வேண்டாம். பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றி ‘ஆஃப் ரோடு’ காட்ட வேண்டும். ஒருவர் கொழுக்குமலை சூரிய உதய வீடியோவைப் போட்டார். இன்னொருவர், குரங்கணியிலிருந்து நடந்தே ஏறிவிடலாமே என்றார். மூன்றாமவர், கொடைக்கானலிலிருந்து மூணாறுக்குக் காட்டுக்குள்ளே ஒரு பழைய ரோடு இருக்கிறதாமே என்று கேட்டார். நாலாவதாக, சின்னக் குழந்தையையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று ஒரு கேள்வி. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் அந்த நால்வருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேட்ட பாதைகள் எல்லாம் போடிநாயக்கனூருக்கு மேலேயும் அதை ஒட்டியும் இருக்கும் ஒரே மலைத்தொடரில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்று போல இன்னொன்று இல்லை. எதுவுமே ஊர் சுற்றிப் பார்க்கப் போட்டதல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சுமையை ஏற்றவோ இறக்கவோ போடப்பட்டது. மாட்டுக்குப் போட்ட பாதை, மனிதத் தலைச்சுமைக்கு விட்ட பாதை, ட்ராக்டருக்குப் போட்ட பாதை, ராணுவ லாரிக்குப் போட்ட பாதை என்று பிரித்துப் பார்த்தால், யாரை எதில் அழைத்துப் போகலாம் என்பது பாதி விளங்கிவிடும்.

முதலில் நிலத்தின் அமைப்பு. தேனிப் பக்கமிருந்து பார்த்தால் இந்த மலை ஒரு சுவர். போடிச் சமவெளியிலிருந்து 1500 மீட்டருக்கு மேல் சட்டென்று எழும்பி நிற்கும். உச்சியைத் தாண்டிக் கேரளப் பக்கம் போனால் அதே மலை மெதுவாக, மேடும் பள்ளமுமாகச் சரியும். தேயிலை வளர்ந்தது அந்தப் பக்கம். 1877ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று ராஜாவிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 1880ல் ஏ.எச்.ஷார்ப் பார்வதி என்ற இடத்தில் முதல் தேயிலையை நட்டார். தோட்டங்கள் பெருகின. ஆனால் தோட்டத்தில் வேலை செய்யும் ஆட்களும் அவர்களுக்கான அரிசியும் வர வேண்டியது தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து. பெட்டியில் அடைத்த தேயிலையும் இந்தச் சுவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். முதலாளிகளைப் பல காலம் வாட்டிய சிக்கல் இதுதான்.

அவர்கள் கண்ட வழி விசித்திரமானது. 1902ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மலையின் விளிம்பு வரை ஒரு வண்டிப்பாதை வெட்டினார்கள். அதன் ஓரத்தில் ஒரே ஒரு தண்டவாளம். இதற்கு ஈவிங் முறை என்று பெயர். வண்டியின் சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தில் உருண்டு பெரும்பாலான எடையைத் தாங்கும். பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் மண்ரோட்டில் உருண்டு, வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். இழுத்தவை மாடுகள். மெட்ரோவும் மோனோ ரயிலும் நமக்குப் புதுசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூணாறில் நூறு வருஷத்துக்கு முன்பே மாட்டு மோனோ ரயில் ஓடியிருக்கிறது! 1908ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத் தண்டவாளம் போட்டுச் சின்ன நீராவி ரயிலே விட்டார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர்.

அந்த ரயில் போய் நின்ற கடைசி இடம்தான் இன்று நாம் ‘டாப் ஸ்டேஷன்’ என்று சொல்லும் ஊர். அங்கே தேயிலைப் பெட்டிகளை ரோப்வேயில் தொங்கவிட்டுக் கீழே கொட்டகுடிக்கு அனுப்பினார்கள். அது ‘பாட்டம் ஸ்டேஷன்’. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்குப் போகும். நடுவில் இருந்த இடம் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’; இப்போதும் அந்த மலைக்கிராமத்துக்கு சென்ட்ரல் என்றுதான் பெயர். ரயிலையே பார்க்காத பிள்ளைகள் வளரும் கிராமத்துக்கு இப்படி ஒரு பெயர்.

1924 ஜூலையில் பெய்த பெருமழை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதை ‘99 வெள்ளம்’ என்கிறார்கள். ரயில் பாதை போனது போனதுதான். திரும்பப் போடவே இல்லை. மூணாறில் ரயில் நிலையமாக இருந்த கட்டடம் பிறகு தேயிலைக் கம்பெனி அலுவலகமானது. அந்த ரயிலின் ஒரு சக்கரம் மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள்.

இந்தக் கதை நம் பயணத்துக்கு எப்படி உதவும் என்கிறீர்களா? மாடு இழுக்கும் வண்டிக்கும் சின்ன ரயிலுக்கும் ஏற்றம் மெதுவாகத்தான் இருக்க வேண்டும். அதனால் மூணாறிலிருந்து மாட்டுப்பெட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் போகும் ரோடு, மலை ரோடு என்ற அளவில் மிகவும் சாதுவானது. 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முழுக்கத் தார் ரோடு, சொந்தக் காரிலேயே போகலாம். ‘ஆஃப் ரோடு’ என்று சொல்ல முடியாதுதான். ஆனால் கைக்குழந்தையும் மாமியாரும் உடன் வந்தால், இந்த மலையில் இதைவிட நல்ல பாதை கிடையாது. கடைசியில் நின்று கிழக்கே எட்டிப் பார்த்தால் தேனிச் சமவெளி கால் அடியில் கிடக்கும். ரோப்வே ஏன் தேவைப்பட்டது என்று அப்போது தானாகவே புரியும்.

ரோப்வே இருந்ததால் கீழே வண்டிப்பாதை போட வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை. பெட்டி தொங்கிக்கொண்டு போனது, மனிதர் நடந்தார்கள். குரங்கணியிலிருந்து சென்ட்ரல் வழியாக டாப் ஸ்டேஷனுக்கும், இன்னொரு பக்கம் கொழுக்குமலைக்கும் ஏறும் ஒற்றையடிப் பாதைகள் இந்தச் சுவரில் நேராக ஏறுபவை. ஆண்டாண்டாகச் சுமை தூக்கி ஏறிப் பழகிய கால்களின் பாதைகள். வழியில் ஆளுயரப் புல். மாசி, பங்குனியில் அது காய்ந்து சருகாக நிற்கும்.

2018 மார்ச் 11 நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்து ஒரு குழு. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் சரிவில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலும் நம்மைப் போல நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு, வார விடுமுறைக்கு மலைக்கு வந்தவர்கள். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதரால் ஏற முடியாது; செங்குத்தான சரிவில் ஒதுங்கி ஓடவும் இடமில்லை. அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகும் திட்டத்தைத் தொடங்கியது. நடக்கத்தான் வேண்டும் என்பவர்கள் அதில் திறந்திருக்கும் பாதையைப் பார்த்துப் போகலாம். “லோக்கல் ஆளைத் தெரியும், பேசிக்கலாம்” என்று யாராவது சொன்னால் நம்பிப் போகாதீர்கள். குழந்தைகளோடு கோடையில் இந்தச் சரிவில் நடப்பதை, அனுமதியே கிடைத்தாலும், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி கொழுக்குமலை. வீடியோவைப் பார்த்து நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பது இதைத்தான். அந்தத் தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். வண்டிப்பாதை இருப்பதோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. 1956 மாநிலப் பிரிப்பால் வந்த கோளாறு என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. அதற்கும் முன்பே மலை முகட்டின் இந்தப் பக்கம் மதராஸ் மாகாணம், அந்தப் பக்கம் திருவிதாங்கூர். மலைச்சுவரில் யாராலும் ரோடு போட முடியாததால் தமிழ்நாட்டுத் தோட்டத்துக்குக் கேரள வழியே கதியானது.

மேலே இருக்கும் தேயிலைத் தொழிற்சாலை 1930களைச் சேர்ந்தது. இலையை வாடவைத்து, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தும் பழைய முறையில் இன்னமும் தேயிலை செய்கிறார்கள். பழைய இயந்திரங்களும் ஓடுகின்றன. அந்தத் தோட்டத்துக்குப் போகும் பாதை எஸ்டேட் ட்ராக்டருக்கும் ஜீப்புக்கும் போதுமான பாதை. குண்டுங்குழியுமாகக் கல் துருத்திக்கொண்டிருக்கும். நம் காரின் அடிப்பாகம் முதல் திருப்பத்திலேயே பேசத் தொடங்கிவிடும். அதனால்தான் சூரியநெல்லி ஜீப்புகளில் மட்டும் போகிறார்கள். வில்லிஸ் ஜீப்பை 1940களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனி இந்தியாவில் கொண்டுவந்ததிலிருந்து, இந்த மலைகளின் வண்டி ஜீப்தான். இன்றும் விடியற்காலையில் தேனி மாவட்ட ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கேரளத்துக்கு ஏறுகின்றன. நாம் காசு கொடுத்துக் குலுங்கப் போகும் அந்த வண்டி, அவர்களுக்குத் தினசரி டவுன் பஸ்.

என் கணக்கில் கொழுக்குமலை ஜீப் எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சரி. முதுகுவலி, கழுத்துத் தேய்மானம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் வேண்டாம். ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் குலுக்கல். அது வீடியோவில் தெரியாது. சூரிய உதயம் பார்க்க வேண்டுமானால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். 2000 மீட்டருக்கு மேல் உயரம், டிசம்பரில் குளிர் எலும்பைத் துளைக்கும். பிள்ளைகளை அந்த நேரத்தில் எழுப்பி அழவைப்பதைவிட, உதயத்தை விட்டுவிட்டுக் காலை ஏழு, எட்டு மணிக்குப் போய்த் தொழிற்சாலையையும் சேர்த்துப் பார்த்து வருவது நல்லது. ஜீப்பின் பின்னால் நின்றுகொண்டு வருவதற்கு எந்த ஓட்டுநர் சம்மதித்தாலும் நீங்கள் சம்மதிக்காதீர்கள். சின்னக்கானல், சூரியநெல்லிப் பகுதி யானைகளின் இடம். 2023ல் பிடிபட்டு, பெரியாறு காட்டில் விடப்பட்டு, பிறகு கம்பத்துக்கு வந்து ஊரையே கலக்கிய அரிக்கொம்பன் இந்தச் சின்னக்கானல்காரன்தான். ஆகவே இருட்டில் வண்டியை நிறுத்தி இறங்கும் பழக்கம் ஆகாது.

மூன்றாமவர் கேட்ட கொடைக்கானல் – மூணாறு ரோட்டின் கதைதான் எல்லாவற்றிலும் சுவாரசியமானது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. மதராஸ் பாதி காலியானது. ஒருவேளை ஜப்பான் படை கரையிறங்கினால், மதராஸிலிருந்து மலை வழியாகக் கொச்சிக்குத் தப்பிப் போக ஒரு வழி வேண்டும் என்று, முன்பே இருந்த இந்தப் பாதையைப் பலப்படுத்தினார்கள். ‘எஸ்கேப் ரோடு’ என்று பெயரே நின்றுவிட்டது. தென்னிந்தியாவின் மிக உயரமான ரோடுகளில் ஒன்று. தப்பி ஓட வேண்டிய அவசியம் வரவில்லை. 1990 வாக்கில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். இரு பக்கமும் பாதுகாக்கப்பட்ட காடு. சோலை மரங்கள் ரோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டன. எந்த யூட்யூப்காரர் என்ன சொன்னாலும் அது இப்போது குடும்பத்தோடு போகும் வழி அல்ல. ஆசைக்கு ஒரு துண்டைப் பார்க்கலாம்: கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி வரை வனத்துறை அனுமதியோடு குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளைத்தான் விடுகிறார்கள். அந்த ரோடு முழுதாக இருந்த காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று அங்கே ஊகிக்கலாம்.

மாதம் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பக்கம் வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மண்சரிந்து, தோட்டத் தொழிலாளர் லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டத்தில் வேர் உள்ள தமிழ்க் குடும்பங்கள். 1924ல் ரயிலைக் கொண்டுபோன அதே மலை, அதே தென்மேற்குப் பருவமழை. பிப்ரவரி பாதிக்கு மேல் புல் காயத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் தோது. நம் அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் அதற்குள் வருவது நல்லதாகப் போயிற்று.

போய்ச் சேருவதும் இப்போது சுலபம். மதுரை – போடி ரயில் முதலில் 1928ல் வந்தது. அகலப் பாதையாக்குவதற்காக 2010ல் நிறுத்தி, 2023 ஜூன் 15ல் மறுபடி விட்டார்கள். அன்றிலிருந்தே சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு வாரம் மூன்று நாள் நேரடி ரயிலும் ஓடத் தொடங்கியது. போடியில் இறங்கி வாடகை வண்டியில் போடிமெட்டு, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி போகலாம். போடிமெட்டு ஏற்றத்தில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் பிள்ளையை முன் சீட்டில் பெரியவர் ஒருவரோடு உட்காரவையுங்கள். போடியில் பூரி வாங்கிக் கொடுக்காதீர்கள்.