பெயரை மாறியில் வைத்து ஸ்டோர்டு புரொசீஜரை இயக்குதல்

தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதி வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் நிரல்தான் ஸ்டோர்டு புரொசீஜர். எதைக் கூப்பிட வேண்டும் என்பது சில இடங்களில் ஓடும்போதுதான் தெரியவரும். பயனர் ஓர் அறிக்கையைத் தேர்ந்தெடுக்கிறார். அதற்குரிய புரொசீஜரின் பெயர் ஒரு மாறியில் வந்து சேர்கிறது. ஆனால் எஸ்கியூஎல்லில் பெயர் வேறு, மதிப்பு வேறு. தேதியையும் தொகையையும் பாராமீட்டராகப் பின்னால் நிரப்பலாம், பெயரை அப்படி நிரப்ப முடியாது. அதனால் மைஎஸ்கியூஎல்லில் ‘கால்’ கட்டளையோடு பெயரை ஒட்டிச் சரமாக்கி, ‘பிரிப்பேர்’ செய்து இயக்குகிறார்கள். ஆரக்கிளில் இதற்கு ‘எக்ஸிக்யூட் இம்மீடியட்’ இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் தனிவழி ஒன்று வைத்திருக்கிறது. ‘எக்ஸெக் @பெயர்’ என்று எழுதினால் மாறியில் இருப்பது முழுவதும் புரொசீஜரின் பெயராகவே கொள்ளப்படும். ‘எக்ஸெக் (@பெயர்)’ என்றால் அதே சரம் கட்டளையாக ஓடும். வித்தியாசம் ஒரு ஜோடி அடைப்புக்குறிதான். ‘மாத_அறிக்கை; டிராப் டேபிள் பில்’ என்று யாராவது அனுப்பினால், முதல் வடிவத்தில் அப்படியொரு புரொசீஜர் இல்லை என 2812ஆம் எண் பிழை வரும், இரண்டாவதில், அனுமதி இருந்தால், பில் அட்டவணையே போய்விடும்.

அப்படியானால் முதல் வடிவமே போதாதா என்று கேட்கலாம். போதாது. ஊடுருவலைத் தடுப்பது ஒன்று, எதை ஓட்டலாம் என்று வரையறுப்பது இன்னொன்று. பெயரைத் தன் விருப்பப்படி அனுப்ப முடிந்தவர், செயலியின் கணக்குக்கு அனுமதியுள்ள எந்தப் புரொசீஜரையும் ஓட்டலாம். பழைய பில்களை அழிப்பதும் அதில் அடங்கும். எஸ்கியூஎல் சர்வரின் ‘க்வோட்நேம்’ பெயருக்குச் சதுர அடைப்பு போட்டுத் தருமே தவிர, அந்தப் பெயர் தகுமா என்று பார்க்காது. அதோடு ‘டிபிஓ.அறிக்கை’ என ஸ்கீமா பெயரோடு மொத்தமாகக் கொடுத்தால் இரண்டையும் சேர்த்து ஒரே பெயராக்கிவிடும். பலர் தடுக்கி விழும் இடம் இது. ஆரக்கிளின் ‘டிபிஎம்எஸ்_அசெர்ட்’டும் அந்தப் பெயரில் ஒரு பொருள் இருக்கிறதா என்று சொல்லுமே ஒழிய, அதை அனுப்பியவர் ஓட்டலாமா என்று சொல்லாது. ஆகவே அனுமதித்த புரொசீஜர்களை ஓர் அட்டவணையில் வரிசை எண்ணோடு எழுதி வைத்து, வெளியிலிருந்து எண்ணை மட்டும் வாங்குவதே சரி. நெகிழ்வு போய்விடும் என்பார்கள். புதிய அறிக்கைக்கு ஒரு வரி சேர்த்தால் போதும், நிரலைத் தொட வேண்டாம்.

நான்கைந்து புரொசீஜர்தான் என்றால் ‘இஃப்’ வரிசையே மேல், அது பார்க்க அழகாக இல்லாவிட்டாலும். அதில் எது எதைக் கூப்பிடுகிறது என்பது தரவுத்தளத்தின் சார்புப் பட்டியலில் தெரியும். மாறி வழியாகக் கூப்பிட்டால் தெரியாது. புரொசீஜரின் பெயரை மாற்றுபவருக்கு அந்த அழைப்பு முறியும் என்பது தெரியவராது. மாதக் கடைசியில் அறிக்கை கேட்பவருக்குத்தான் 2812 வரும்.