ஓசிச் சவாரியும் ஒரு நூற்றாண்டுச் சங்கமும்

ஒரு தெருவில் நாற்பது வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு இல்லை. ஐந்து பேர் மனு எழுதி, கையெழுத்து வாங்கி, நகராட்சி ஆபீசுக்கு நாலு தடவை நடையாய் நடந்து விளக்கு வாங்கி வருகிறார்கள். வெளிச்சம் யாருக்கு? நாற்பது வீட்டுக்கும்தான். மனுவில் கையெழுத்துப் போடாதவன் வாசலில் மட்டும் இருட்டாக இருக்கச் சொல்ல முடியாது.

இதைப் பொருளாதாரப் பாடத்தில் பொதுப் பண்டம் என்பார்கள். காசு கொடுக்காமல் பலனை அனுபவிப்பதை நாம் சுருக்கமாக 'ஓசி' என்போம். :-) மான்கர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1965ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் சொன்னது இதுதான்: ஒரு பெரிய கூட்டத்துக்குப் பொதுவான நன்மை இருக்கிறது என்பதற்காக மட்டும் எல்லோரும் சேர்ந்து சங்கம் வைத்துச் சந்தா கட்டிவிட மாட்டார்கள். எப்படியும் பலன் வரும் என்றால் நான் ஏன் கட்ட வேண்டும் என்றுதான் ஒவ்வொருவரும் நினைப்பார்கள்.

இந்தக் கணக்கு நிஜத்தில் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு நல்ல உதாரணம் அமெரிக்கத் தொழிற்கல்விச் சங்கத்தின் வரலாறு. நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் நூறு வருஷத்துக்கு மேலான கதை, சுவாரசியமான கதை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம் ஊரில் தொழிற்கல்வி என்றால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று தனிக் கட்டடம்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் பெரும்பாலும் அது சாதாரண உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. கணக்கு வகுப்பு முடிந்து அடுத்த பீரியடில் வெல்டிங், மரவேலை, விவசாயம், கணக்குப்பதிவு, நர்சிங் உதவி என்று மாணவன் போகலாம். அந்த வகுப்புகளை எடுக்கும் ஆசிரியர்களின் சங்கம்தான் நம் கதாநாயகன்.

கதை 1906ல் நியூயார்க்கில் தொடங்குகிறது. தொழிற்கல்வியை வளர்ப்பதற்கென்று ஒரு தேசியச் சங்கம் அங்கே உருவானது. வேடிக்கை என்னவென்றால், இது ஆசிரியர் சங்கமே இல்லை. முதலாளிகள், கல்வியாளர்கள், சமூக சேவகர்கள் என்று எல்லோரும் கலந்த கூட்டம். முதல் தலைவர் ஹென்றி பிரிட்சட், அப்போது எம்.ஐ.டி.யின் தலைவராக இருந்தவர். ஆலை முதலாளிகளுக்குத் திறமையான ஆள் வேண்டும். ஜெர்மனி தொழிற்பள்ளிகளை வைத்து முன்னேறுகிறதே என்ற பயம் வேறு. தொழிற்சங்கங்களுக்கோ முதலில் சந்தேகம்: இந்தத் தொழிற்பள்ளிகள் வேலைநிறுத்தத்தை உடைக்க ஆள் தயாரிக்கும் இடமாகிவிடுமோ என்று. பள்ளிகள் பொதுமக்கள் கையில், அரசுப் பணத்தில் இருக்க வேண்டும் என்ற நிலையோடு 1910 வாக்கில் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பும் ஆதரவுக்கு வந்தது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேடையில்!

1912ல் சார்லஸ் பிராசர் என்பவர் சங்கத்தின் செயலாளரானார். இவர்தான் உண்மையான இயந்திரம். 1914ல் அமெரிக்க நாடாளுமன்றம் தொழிற்கல்விக்கு மத்திய அரசு உதவுவது பற்றி ஆராய ஒரு கமிஷன் அமைத்தது. பிராசரும் அதில் உறுப்பினர். கமிஷனின் அறிக்கையில் அவர் கை பெரியது. அந்த அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் ஸ்மித்-ஹியூஸ் சட்டம். 1917 பிப்ரவரி 23 அன்று ஜனாதிபதி உட்ரோ வில்சன் கையெழுத்திட்டார். சட்டத்தை நடத்தத் தனியாக ஒரு மத்திய வாரியம் அமைத்தார்கள். அதன் முதல் இயக்குனர் யார்? அதே பிராசர்!

இந்தச் சட்டம் பணத்தை எதற்குக் கொடுத்தது என்பது முக்கியம். விவசாயம், தொழில், வீட்டுநிர்வாகம் ஆகிய பாடங்களின் ஆசிரியர்களுக்குச் சம்பளம், புது ஆசிரியர்களுக்குப் பயிற்சி. மத்திய அரசு ஒரு டாலர் போட்டால் மாநிலமோ உள்ளூரோ ஒரு டாலர் போட வேண்டும். விளைவாக நாடு முழுக்கத் தொழிற்கல்வி ஆசிரியர்கள் என்று ஒரு புது வர்க்கமே உருவானது. சங்கம் சட்டத்தை உண்டாக்கியது; சட்டம் சங்கத்துக்கு உறுப்பினர்களை உண்டாக்கியது.

இங்கேதான் ஒரு திருப்பம், கவனியுங்கள். வேலை முடிந்தது என்று முதலாளிகளும் சமூக சேவகர்களும் மெல்ல விலக, மிச்சம் இருந்தவர்கள் அந்தச் சம்பளத்தை வாங்கும் ஆசிரியர்களும் அதிகாரிகளும்தான். 1926ல் இந்தச் சங்கமும் மத்திய மேற்குப் பகுதியின் இன்னொரு சங்கமும் இணைந்து அமெரிக்கத் தொழிற்கல்விச் சங்கம் (ஏ.வி.ஏ.) ஆனது. 1917க்கு முன்னால் "நாட்டுக்கு இது வேண்டும்" என்று பலதரப்பும் கேட்டது. 1926க்குப் பின்னால் "எங்கள் பாடத்துக்குப் பணம் வேண்டும்" என்று ஆசிரியர்கள் கேட்பதாக வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது. கோரிக்கை மாறவில்லை, கேட்கிற ஆள் மாறிவிட்டான்.

ஆனாலும் லாபி செய்வதில் ஏ.வி.ஏ. சாமர்த்தியசாலி. ஜார்ஜியா செனட்டர் வால்டர் ஜார்ஜ் பெயரில் மட்டும் 1929, 1934, 1936, 1946 என்று வரிசையாக நான்கு சட்டங்கள். காரணம் எளிது. தொழிற்கல்வி ஆசிரியர் எல்லாத் தொகுதியிலும் இருக்கிறார், குறிப்பாகக் கிராமத்தில். விவசாய ஆசிரியரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் தன் எம்.பி.க்கு ஒரு கடிதம் போட்டால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் 1936ல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டபோது மனசே இல்லாமல்தான் போட்டார். கையோடு, தொழிற்கல்விக்கான மத்திய உதவியை ஆராய ஒரு குழுவையும் நியமித்தார். "இவர்கள் தங்களுக்காகக் கேட்கிறார்கள்" என்ற பேச்சு அப்போதே வந்துவிட்டது.

இப்போது சந்தா விஷயத்துக்கு வருவோம். அந்த ஆசிரியரின் பர்ஸைப் பாருங்கள். பொதுவான ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு சந்தா. மாநிலத் தொழிற்கல்விச் சங்கத்துக்கு ஒன்று. தன் பாடத்துக்கான சங்கத்துக்கு இன்னொன்று. விவசாய ஆசிரியர்கள் 1948லேயே தேசிய அளவில் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். இதற்கெல்லாம் மேலேதான் ஏ.வி.ஏ. சந்தா. வாஷிங்டனில் வாங்கித் தரும் பணமோ உறுப்பினருக்கும் உறுப்பினர் அல்லாதவருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர்கிறது. ஓல்சன் சொன்ன நோய் அப்படியே இருக்கிறது!

அதற்கு ஓல்சன் பார்த்த மருந்தும் இங்கே இருக்கிறது. கட்டியவனுக்கு மட்டும் கிடைக்கிற தனிச் சலுகை. சங்கத்தின் பத்திரிகை, மாநாட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி, வகுப்பில் விபத்து நடந்து வழக்கு வந்தால் காக்கும் காப்பீடு. வெல்டிங் சொல்லித் தருகிறவருக்குக் காப்பீடு என்பது சும்மா இல்லை. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. காப்பீட்டுக்காகச் சேர்ந்தவரை எம்.பி.க்குக் கடிதம் எழுத வைப்பது கஷ்டம். தலையை எண்ணலாம், குரலை எண்ண முடியாது.

அடுத்த அடி 1983ல் வந்தது. 'ஆபத்தில் ஒரு தேசம்' என்ற புகழ்பெற்ற அரசு அறிக்கை, உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் 4 ஆண்டு, கணக்கு, அறிவியல், சமூகவியல் தலா 3 ஆண்டு, கம்ப்யூட்டர் அரை ஆண்டு கட்டாயம் வேண்டும் என்றது. தொழிற்கல்வி கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் டைம்டேபிளில் ஒரு நாளைக்கு எத்தனை பீரியட் இருக்கும்? கட்டாயப் பாடம் கூடினால் விருப்பப் பாடம் சுருங்கும். மாணவர் குறைந்தால் வகுப்பு மூடப்படும், வகுப்பு மூடினால் ஓய்வுபெறும் ஆசிரியர் இடத்தில் புது ஆள் வரமாட்டார். சங்கம் உறுப்பினரைத் தேட வேண்டிய குளமே வற்றுகிறது.

அத்துடன் பெயர்ப் பிரச்சினை. 'வொகேஷனல்' என்றாலே படிப்பு ஏறாத பையன் போகிற இடம் என்ற எண்ணம் அங்கேயும் உண்டு (இந்த விஷயத்தில் அமெரிக்காவும் நம் ஊரும் ஒன்றுதான்). 1998ல் சங்கம் தன் பெயரையே மாற்றிக்கொண்டது: தொழில் மற்றும் தொழில்நுட்பக் கல்விச் சங்கம், சுருக்கமாக ஏ.சி.டி.இ. எழுபது வருஷத்துக்கு மேல் சம்பாதித்த பெயரை, கணக்குப் பாஷையில் சொன்னால் குட்வில்லை, ஒரு சங்கம் தானாகவே எழுதித் தள்ளுகிறது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும்!

பெரிய சோதனை 2005ல். தொழிற்கல்விக்கு அப்போது மத்திய நிதி பெர்கின்ஸ் சட்டத்தின் கீழ் வந்துகொண்டிருந்தது (1984ல் வந்த சட்டம், கென்டக்கி எம்.பி. கார்ல் பெர்கின்ஸ் பெயரில்). ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர். ஜனாதிபதி புஷ் தன் பட்ஜெட்டில் அதை மொத்தமாக நிறுத்தி, வேறு உயர்நிலைப் பள்ளித் திட்டத்துக்குத் திருப்பச் சொன்னார். அரசின் மதிப்பீட்டில் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்த மார்க் "பயனற்றது". 2004ல் வந்த தேசிய ஆய்வோ இரண்டு பக்கமும் சொன்னது: தொழிற்பாடம் படித்தவர்கள் பின்னால் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள், ஆனால் கணக்கு, ஆங்கிலம் போன்ற பாடங்களில் மார்க் கூடியதற்கு ஆதாரம் இல்லை.

ஏ.சி.டி.இ.யும் மாநிலச் சங்கங்களும் களத்தில் இறங்கின. பழைய ஆயுதம்தான்: எல்லாத் தொகுதியிலும் ஆள். முடிவு? 2005 மார்ச்சில் செனட்டில் 99-0. மே மாதம் பிரதிநிதிகள் சபையில் 416-9. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று, நிதியை நிறுத்தச் சொன்ன அதே புஷ் சட்டத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டார்.

இதைப் படித்துவிட்டு "அப்புறம் என்ன, சங்கம் பலசாலிதானே" என்று தோன்றும். அதில்தான் விஷயமே இருக்கிறது. 99-0 என்று ஜெயித்த பிறகு, சந்தா கட்டாத ஆசிரியரின் வகுப்பும் பிழைத்தது. அவரிடம் போய் "சேருங்கள்" என்றால், "அதான் ஒருமனதாகப் பாஸ் ஆகிவிட்டதே" என்பார். ஆபத்து வந்தால் கூட்டம் சேரும். ஆபத்தை விலக்கினால் கூட்டம் கலையும்.

நம் பாடத்தில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று பிரிப்போம் இல்லையா? மெஷின் வாங்குவது மூலதனச் செலவு, எண்ணெய் போடுவது வருவாய்ச் செலவு. சட்டம் வாங்குவதை உறுப்பினர்கள் மெஷின் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது தினமும் போட வேண்டிய எண்ணெய். பெர்கின்ஸ் சட்டம் 1990, 1998, 2006, 2018 என்று திரும்பத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. நடுவில் ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட் ஒதுக்கீட்டுக்குத் தனிச் சண்டை. 99-0க்கு ஆறே வருஷத்தில், 2011ல், பெர்கின்ஸின் கீழ் இருந்த டெக் பிரெப் என்ற திட்டத்தின் நிதி முழுசாகப் போனது. ஸ்மித்-ஹியூஸ் சட்டம் மட்டும் நிரந்தர ஒதுக்கீடாக இருந்தது. அதையும் 1997ல் ரத்து செய்துவிட்டார்கள்.

2018 ஜூலை 31 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட புதுப்பிப்பு இன்னொன்றையும் காட்டியது. ஆள் கிடைக்காமல் தவித்த தொழில் நிறுவனங்களும் இந்த முறை வெளிப்படையாக ஆதரவு கொடுத்தன. அதாவது 1906ன் பழைய கூட்டணி கொஞ்சம் திரும்பி வந்தது. வாங்குகிறவன் மட்டும் கேட்டால் சுயநலம். பக்கத்தில் இருப்பவனும் சேர்ந்து கேட்டால் பொதுநலம்.

ஆனால் கதை முடியவில்லை. 2025ல் பெர்கின்ஸ் திட்டத்தின் நிர்வாகத்தைக் கல்வித் துறையிடமிருந்து தொழிலாளர் துறைக்கு மாற்ற ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஏ.சி.டி.இ. எதிர்த்தது. தொழிற்கல்வி என்பது கல்வியா, வேலைக்கு ஆள் தயாரிப்பதா? 1917ல் தனி வாரியம் வைத்தபோது இருந்த அதே கேள்வி, நூறு வருஷம் கழித்து மறுபடி வாசலில் நிற்கிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான். சந்தா கட்டாத ஆசிரியர் கெட்டவர் இல்லை, அவர் கணக்குப்படி அவர் சரி. ஆனால் எல்லோரும் அந்தக் கணக்கைப் போட்டால் 2005 மாதிரி ஒரு பட்ஜெட் வரும்போது தொகுதிக்கு ஒரு கடிதம்கூடப் போகாது. அப்போது நஷ்டம் ஆசிரியருக்கு மட்டும் இல்லை. காலேஜ் போகாமல் பதினெட்டு வயதில் ஒரு கைத்தொழிலோடு வெளியே வரலாம் என்று அந்த ஒர்க்‌ஷாப்பை நம்பியிருக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும்தான் முதல் நஷ்டம். அவர்கள் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை, ஓட்டும் இல்லை. யாரோ சிலர் கட்டுகிற சந்தாவில்தான் அவர்களின் பீரியட் டைம்டேபிளில் இருக்கிறது.

நீங்கள் இருக்கிற சங்கத்தில் யார் சந்தா கட்டுகிறார்கள், யார் ஓசி என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள். :-)