மூன்று பொன் முடிப்புகள்: கிறிஸ்துமஸ் தாத்தாவும் நம் கடற்கரையும்



டிசம்பர் பிறந்தால் கீதபவனிதான். பஞ்சுத் தாடி, சிவப்பு அங்கி, தோளில் மிட்டாய்ப் பையோடு கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டே தெருவுக்குள் வருவார். ஜெகதாப்பட்டினத்தில் ஒரு பள்ளி மாணவி கேட்டாள்: "யாருண்ணே இந்தத் தாத்தா? பைபிள்ல இவரு இல்லையே?"

நல்ல கேள்வி. பைபிளில் அவர் இல்லைதான். 4-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மீரா நகரின் ஆயர் நிக்கோலாவே இந்தத் தாத்தாவின் மூலம். அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது கொஞ்சம்; மக்கள் சொல்லிவந்த கதைகளே மிகுதி.

அவற்றில் ஒன்றுதான் பரிசு வழக்கத்தின் வேர். நொடித்துப்போன ஒருவருக்கு மூன்று மகள்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. மகள்களை உடல் விற்கும் தொழிலுக்கு அனுப்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை. இதை அறிந்த நிக்கோலா, இரவில் அவர்கள் வீட்டு சன்னல் வழியாக ஒரு பொன் முடிப்பை வீசிவிட்டுப் போனார். இப்படி மூன்று முறை, மூன்று பெண்களுக்காக. மூன்றாம் முறை தகப்பன் காத்திருந்து பிடித்துவிட, "யாரிடமும் சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டாராம்.

ஆக, அந்தப் பொன் விளையாட்டுப் பொருள் அல்ல. மனிதர் விலைபோவதைத் தடுத்த பணம். வாங்குகிறவர் தலைகுனியக் கூடாது என்பதற்காகவே அது இருட்டில் வந்தது.

நிக்கோலா கடலோடிகளின் காவலர். குற்றமின்றித் தண்டிக்கப்பட்ட மூவரை மரணத்திலிருந்து மீட்டவர் என்றும் கதை உண்டு. மீன்பிடிக்கப் போனவர்கள் இலங்கைச் சிறையிலிருந்து எப்போது திரும்புவார்கள் என்று காத்திருக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1087-ல் இத்தாலியக் கடலோடிகள் அவருடைய எலும்புகளை மீராவிலிருந்து பாரி நகருக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 6, அவருடைய திருநாள், ஐரோப்பாவில் குழந்தைகளுக்குப் பரிசு தரும் நாளானது. நெதர்லாந்தில் சீர்திருத்த சபைக் குருமார் எதிர்த்தும் மக்கள் அவரை விடவில்லை. அங்கே அவர் பெயர் சின்டர்க்ளாஸ். அதுவே அமெரிக்காவில் சான்டா கிளாஸ் ஆனது. 1931 முதல் கோகோ கோலா விளம்பரங்கள் அந்தச் சிவப்பு அங்கித் தாத்தாவை உலகெங்கும் கொண்டுபோயின.

இனி நம் கரைக்கு வருவோம். ஜெகதாப்பட்டினத்திலிருந்து கரையோரமாகப் போய்க் கோடியக்கரையைச் சுற்றினால் நாகப்பட்டினம். 1658-ல் டச்சுக் கம்பெனி அதைப் பிடித்தது. அடுத்த ஆண்டே தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும். 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு போன்ற துறைகளில் 8,000 முதல் 10,000 பேரைக் கம்பெனி அடிமைகளாக வாங்கியது என்று வரலாற்றாய்வாளர்கள் கணிக்கிறார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கும், மற்றவர்கள் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள்.

மூன்று பெண்கள் விலைபோகாமல் காத்தவரைக் கொண்டாடிய நாடு, பசித்த ஆயிரக்கணக்கானோரை இங்கே விலைக்கு வாங்கியது.

பழியை டச்சுக்காரன் தலையில் மட்டும் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. அவன் கப்பல் வருவதற்கு முன்பும் போன பின்பும், தஞ்சை வயல்களில் பள்ளரும் பறையரும் பண்ணை அடிமைகளாக ஓலை எழுதி விற்கப்பட்டார்கள். ஆங்கிலேய ஆட்சி அடிமை முறைக்குச் சட்ட ஏற்பை நீக்கியது 1843-ல்தான்.

நெதர்லாந்தில் இன்னொன்றும் நடந்தது. 1850-ல் வந்த ஒரு சிறுவர் புத்தகம் சின்டர்க்ளாஸுக்கு ஒரு கறுப்பு வேலைக்காரனைச் சேர்த்தது. வெள்ளையர் முகத்தில் கரி பூசி அந்த வேடம் கட்டுவது வழக்கமானது. அங்குள்ள கறுப்பின மக்கள் போராடித்தான் அதைப் பின்வாங்க வைத்தார்கள். பண்டிகையை அவர்கள் ஒழிக்கச் சொல்லவில்லை. அதில் ஒட்டியிருந்த இழிவைக் கழுவச் சொன்னார்கள்.

நாம் கேட்பதும் அதுதான். சேரிக்குள் வந்து கேக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்களிடம் கேளுங்கள்: உங்கள் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் இன்னும் நிற்கிறதா? சுவர் நிற்கும்வரை அந்தக் கேக் பரிசல்ல, வாயடைப்பு.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "பிள்ளைகள் விலைபோகக் கூடாதுன்னு ராத்திரியில பொன்னை வீசிட்டு, பேரைச் சொல்லாமப் போனவரும்மா அவரு. மிட்டாயை வாங்கிக்கோ. கதையையும் கேட்டு வாங்கிக்கோ."

ஜெய் பீம்.