பத்தாயத்துக்குக் காவல் இருந்த பூனை

சென்னையில் இருக்கிற என் அண்ணன் மகள் ஒரு பூனை வளர்க்குது. வாரம் ஒரு போன் வந்துடும். "சித்தப்பா, சோபாவைக் கீறிக் கிழிக்குது." "சித்தப்பா, ராத்திரி மூணு மணிக்கு வீடு பூரா ஓடுது." "சித்தப்பா, செத்த பல்லியைத் தூக்கிட்டு வந்து தலையணை பக்கத்துல போடுது. கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

உங்கள்ல பல பேர் வீட்டிலயும் இந்தக் கதைதான்னு நினைக்கிறேன். பூனை செய்யற அத்தனை சேட்டைக்கும் ஒரு பழைய உத்தியோகம் காரணம். அந்த உத்தியோகம் நம்ம விவசாயிங்க கொடுத்தது. அதனால இந்த வரலாற்றை எழுதற உரிமை எனக்குக் கொஞ்சம் இருக்கு.

மனுசன் தானியம் விளைவிச்சு, சேர்த்து வைக்க ஆரம்பிச்சு பத்தாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு. மேற்கு ஆசியாவுல கோதுமையும் பார்லியும் குவிஞ்சப்போ கூடவே எலியும் குவிஞ்சது. எலியைத் தேடி காட்டுப் பூனை வந்துச்சு. நாயை மனுசன் வேட்டைக்குப் பழக்கினான், மாட்டைப் பிடிச்சுக் கட்டினான். பூனையை யாரும் கூப்பிடலை, அதுவா வந்து தங்கிடுச்சு. இன்னைக்கு உலகத்துல இருக்கிற வீட்டுப் பூனை எல்லாம் வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாப் பக்கம் திரியற காட்டுப் பூனையோட வம்சம்னு 2007-ல் வந்த மரபணு ஆய்வு சொல்லிச்சு.

சைப்ரஸ் தீவுல சுமார் 9,500 வருசத்துக்கு முந்தின ஒரு சமாதியைத் தோண்டி எடுத்தாங்க. ஒரு மனுசன், பக்கத்துலயே ஒரு பூனை. அந்த விவரம் 2004-ல் வெளியாச்சு. அந்தத் தீவுல இயற்கையா பூனை கிடையாது. அப்ப யாரோ அதைப் படகுல ஏத்திக் கொண்டு போயிருக்கணும். அவ்வளவு பழைய உறவு இது.

எகிப்துல பூனைக்கு இன்னும் பெரிய மரியாதை. பாஸ்டெட்ங்கற தெய்வத்துக்குப் பூனை முகம். வீட்டுப் பூனை செத்தா வீட்டுல உள்ளவங்க புருவத்தை மழிச்சுக்குவாங்கன்னு ஹெரடோட்டஸ் எழுதி வச்சிருக்கார். பூனையைப் பதப்படுத்தி லட்சக்கணக்குல புதைச்சாங்க. 1888-ல் ஒரு எகிப்து விவசாயி மண்ணைத் தோண்டப் போக, பூனை மம்மி குவியல் குவியலா வந்துச்சு. ரெண்டு வருசம் கழிச்சு அதுல சுமார் 19 டன்னை இங்கிலாந்துக்குக் கப்பல்ல கொண்டு போய், லிவர்பூல்ல ஏலம் விட்டு, அரைச்சு வயலுக்கு உரமாப் போட்டாங்க. சாமியா இருந்தது எருவாப் போச்சு. எரு வாங்கற ஆள் நான், இதைப் படிச்சதுக்கு அப்புறம் ரெண்டு நாள் மனசு சரியில்லை.

நம்ம பக்கம் வருவோம். சங்க இலக்கியத்துல வெருகுன்னு வர்றது காட்டுப் பூனை. சாயங்காலம் வேலி ஓரமா வெருகு வந்ததும் வீட்டுக் கோழி பதறிப் போய் குஞ்சுகளைக் கூப்பிடற காட்சி குறுந்தொகையில் இருக்கு. எங்க கொல்லையில இன்னைக்கும் அதே சத்தம் கேக்கும். குட்டிங்கற சொல் யார் யாருக்குப் பொருந்தும்னு சொல்ற தொல்காப்பியமும் கீரி, எலி, அணிலோட வெருகையும் சேர்த்திருக்கு. மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்துல ஒரு பூனை கையைத் தூக்கித் தவம் பண்ணும், சுத்தி எலிங்க நிக்கும். ஏழாம் நூற்றாண்டு வேலை அது. செதுக்கின ஆள் பூனையை நல்லாப் பார்த்துப் பழகினவர்தான். கம்பர், ராமன் கதையைச் சொல்ல வந்த தன்னைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனைன்னு சொல்லிக்கிட்டார்.

எங்க வீட்டுல தேக்குப் பத்தாயம் இருக்கு. தாத்தா காலத்துது. அதுக்கு அடியில பூனை படுத்திருக்கும். அப்பாயி அதுக்குத் தனியா சோறு வைக்காது. "வயிறு நிறைஞ்சா வேலை செய்யாது"ன்னு சொல்லும். ஆனா தயிர் கடையறப்ப ஒரு கரண்டி மோர் மட்டும் சிரட்டையில ஊத்தும். குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாத்தும்னும் சொல்லும். குட்டி வாசனை பிடிச்சுக் கடுவன் பூனை வந்து கொன்னுடுமேன்னுதான் தாய் இடம் மாத்துது. கழுத்தைக் கவ்வினதும் குட்டி அசையாமத் தொங்கும். தாய் பாத்துக்கும்னு அது விட்டுடுது. அதை வச்சே வைணவப் பெரியவங்க சரணாகதிக்கு மார்ஜார நியாயம்னு பேர் வச்சாங்க.

பூனையோட காவல் நெல்லுக்கு மட்டும் இல்லை. 1896-ல் பம்பாய்ல நுழைஞ்ச பிளேக், அடுத்த முப்பது வருசத்துல நாடு முழுக்க ஒரு கோடி பேருக்கு மேல வாரிக்கிட்டுப் போச்சு. கோயம்புத்தூர்ல பிளேக் மாரியம்மன் கோவில் இன்னைக்கும் இருக்கு. எலி மேல இருக்கிற தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புது. மகாராஷ்டிரா அமராவதியில் வேலை பார்த்த ப்யூகானன்ங்கற டாக்டர், பூனை அதிகமா உள்ள ஊர்ல பிளேக் குறைவா இருக்குன்னு 1908-ல் எழுதினார். பூனைக்கும் அந்த நோய் தொத்தும்கறதால அது முழுத் தீர்வு ஆகலை. இருந்தாலும் டாக்டரே பூனை வளர்க்கச் சொன்ன காலம் ஒண்ணு இருந்துச்சு.

இப்ப நிலைமை வேற. அறுத்த நெல்லு களத்துல இருந்து நேரா கொள்முதலுக்குப் போயிடுது. பத்தாயத்தைப் பழைய மரச்சாமான் வாங்கறவங்க வந்து விலை கேக்கறாங்க. எலிக்கு மருந்துக் கட்டி கடையில சுலபமாக் கிடைக்குது. மருந்து தின்ன எலி உடனே சாகாது, நாலஞ்சு நாள் தள்ளாடும். தள்ளாடற எலிதான் பூனைக்கு முதல்ல சிக்கும். போன வருசம் எங்க தெருவுல மூணு பூனை அப்படிப் போயிடுச்சு. அதுக்கப்புறம் சாப்பாட்டு வரகெல்லாம் மூட்டையோட ஓட்டை ஆச்சு. மருந்து ஒரு தடவை கொல்லும், பூனை தினமும் காவல் இருக்கும். விதைநெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் நான் இன்னும் பத்தாயத்துலதான் வைக்கிறேன். மருந்துக் கட்டியை வீட்டுக்குள்ள சேர்க்கறதில்லை. வயலுக்குத் தஞ்சாவூர்க் கிட்டி, வீட்டுக்குப் பூனை.

சரி, அண்ணன் மகளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். எலி நடமாடறது அந்தியிலயும் விடியலுக்கு முன்னயும். பூனையும் அப்பதான் முழிக்கும், பகல்ல தூங்கும். அதனால பொழுது சாயறப்ப ஒரு கயிறை இழுத்துக் கால் மணி நேரம் ஓட விடுங்க, அப்புறம் சாப்பாடு வைங்க. ராத்திரி ஓட்டம் குறையும். நகத்தோட மேல்தோலை உரிக்கத்தான் அது கீறுது. ஒரு கட்டையில சாக்கைச் சுத்தி சோபா பக்கத்துல நிறுத்துங்க. காலைச் சுத்தி முகத்தைத் தேய்க்கறது அதோட வாசனையை உங்க மேல ஏத்தறதுக்கு. பூனைக்கு இனிப்பு ருசி தெரியாது, பாயசம் வேண்டாம். வளர்ந்த பூனை பல துக்குப் பாலும் செரிக்காது.

பல்லியைக் கொண்டாந்து போட்டா திட்டாதீங்க. உங்க பிளாட்ல எலி இல்லை, இருக்கறதைப் பிடிச்சுட்டு வந்து காட்டுது. பேப்பர்ல எடுத்து வெளிய போட்டுட்டு, தலையை ஒரு தடவை தடவி விடுங்க.